ஒரு முழம் நூல்

கைத்தையல் பூவேலை பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை தையல் தெரிஞ்சிருக்கணும்?" என்றுதான். நான்கு போதும். காம்புத் தையல், சங்கிலித் தையல், பிரெஞ்ச் முடிச்சு, சாட்டின் தையல். இந்த நான்கையும் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் அலுக்காமல் தைக்கலாம். தையலின் எண்ணிக்கையைவிட முக்கியமானது இழுப்பு. ஒவ்வொரு குத்துக்கும் பிறகு நூலை எவ்வளவு இழுத்து எங்கே நிறுத்துகிறோம் என்பதைத்தான் இழுப்பு என்கிறேன். துணி சுருங்கிப் போவதும், கோடு நெளிவதும், முடிச்சு மறுபக்கம் ஓடிவிடுவதும் பெரும்பாலும் அதில் வரும் பிசகுதான். துணி, ஊசி, துணியை விறைப்பாகப் பிடிக்கும் வளைய ஃபிரேம், நூலின் நீளம் என்று எதைத் தேர்ந்தெடுத்தாலும் இழுப்பு சீராக வருவதற்காகவே தேர்ந்தெடுக்கிறோம்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் இப்போது எம்பிராய்டரி என்றாலே கல்யாண ரவிக்கை ஆரி வேலைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆரி வேறு கலை. அதில் துணியைப் பெரிய சட்டத்தில் இழுத்துக் கட்டி, நூலைக் கீழே பிடித்து, கொக்கி ஊசியால் மேலே கண்ணி கண்ணியாக இழுப்பார்கள். சம்பாதிப்பதற்காகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது நல்ல வழி. மனசுக்குப் பிடித்துத் தைக்க நினைக்கிறவர்கள் சாதாரண ஊசியில் தொடங்குவதே மேல். முழுச் சாமானும் ஒரு சின்ன டிபன் டப்பாவில் அடங்கிவிடும். மடியில் வைத்துத் தைக்கலாம், சமையலுக்கு நடுவே பாதியில் வைத்துவிட்டும் எழுந்து போகலாம்.

துணியும் நூலும்

முதல் துணிக்கு வெள்ளை அல்லது வெளிர்நிறக் கேஸ்மென்ட் காட்டன் கால் மீட்டர் வாங்குங்கள். அகலத்தில் நான்காக வெட்டினால் கைக்குட்டை அளவில் நான்கு சதுரம் கிடைக்கும். காடாத்துணியும் நன்றாக இருக்கும், ஆனால் அதில் கஞ்சி அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து இரண்டு முறை அலசிய பிறகே ஊசி வைக்க வேண்டும். எந்தப் பருத்தித் துணியானாலும் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடாமல் தைக்காதீர்கள். தைத்த பிறகு துணி மட்டும் சுருங்கி நூல் சுருங்காமல் நின்றால் பூவைச் சுற்றிச் சுருக்கம் விழும். அதை எந்த இஸ்திரியும் எடுக்காது. மல் துணி, ஜார்ஜெட், பனியன் துணி மூன்றும் முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். மல்லில் பின்பக்க நூல் முன்பக்கம் நிழலாடும், ஜார்ஜெட் வழுக்கும், பனியன் துணி இழுபடும்.

வெட்டிய ஓரம் பிரியத்தான் செய்யும். தையற்கடையில் ஓவர்லாக் அடித்து வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் ஓரத்தை அரை சென்டிமீட்டர் மடித்துப் பெரிய பெரிய ஓட்டுத் தையல் போட்டுவிடலாம்.

ஆங்கர் போன்ற பருத்தி நூல் சின்னச் சிட்டமாக, காகிதப் பட்டை சுற்றி வருகிறது. ஒரு சிட்டத்தில் 8 மீட்டர். அந்த நூல் பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் ஆறு இழைகள் சேர்ந்தது. விரும்பிய எண்ணிக்கையில் இழைகளைப் பிரித்துத் தைப்பதுதான் இந்த நூலின் வசதி. பட்டுப்போல மின்னுகிற விலைமலிவான ரேயான் நூலைக் கடையில் எடுத்துக் காட்டுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் வழுக்கி வழுக்கி அவிழும், நுனி பஞ்சாகப் பிரியும். பழகும் கைக்கு அது பொல்லாத நூல். பட்டுநூலும் அப்படித்தான். பட்டுக்கூடு அங்காடி உள்ள ஊர் தருமபுரி, அதனால் பட்டு மேல் நமக்குப் பிரியம் இருப்பது நியாயமே. ஆனாலும் பாத்திரம் தேய்த்துச் சொரசொரத்த விரலில் பட்டு இழை மாட்டிக்கொண்டே இருக்கும். ஒரு ஸ்பூன் சர்க்கரையில் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு உட்கார்ந்தால் பருத்தி நூல்கூட வழவழவென்று ஓடும்.

சிட்டம் பாதி தீர்வதற்குள் சிக்கிக்கொள்வது எல்லோருக்கும் நடக்கும். வாங்கி வந்த அன்றே பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி அதில் சுற்றிவிடுங்கள். நிற எண்ணை மறக்காமல் அட்டையில் எழுதுங்கள். பாதிப் பூவில் நூல் தீர்ந்து, கடைக்குப் போய்க் கண்மதிப்பில் "இதே பச்சைதான்" என்று வாங்கிவந்தால் பகல் வெளிச்சத்தில் இரண்டு பச்சையாகத் தெரியும்.

சிவப்பு, கருநீலம், மெரூன் நூல்களைத் தைக்கும் முன் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால், ஒட்டுவது நிற்கும் வரைக்கும் குளிர்ந்த தண்ணீரில் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். உப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி வெள்ளைத் துணியில் இறங்க வேண்டாம்.

ஊசி, ஃபிரேம், ஒரு முழம்

எம்பிராய்டரி ஊசி 3 முதல் 9 வரை கலந்து வரும் பாக்கெட்டாகக் கிடைக்கும். எண் ஏற ஏற ஊசி மெலியும். இரண்டு இழைக்கு 7 அல்லது 8, மூன்று இழைக்கு 6, ஆறு இழையையும் சேர்த்துத் தைத்தால் 3. ஊசி துளைக்கும் ஓட்டை நூல் உரசாமல் கடக்கிற அளவு இருக்க வேண்டும். மெலிந்த ஊசியில் தடித்த நூலைக் கோத்தால் ஒவ்வொரு குத்துக்கும் 'பர்' என்று சத்தம் வரும், நான்கு குத்துக்குள் நூல் பஞ்சாகும். தடித்த ஊசியில் ஒற்றை இழையைக் கோத்தால் துணியில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

நூல் கோப்பதற்குப் பலர் எச்சில் தொட்டுப் போராடுகிறார்கள். நூலைப் புதிதாக வெட்டி, நுனி மட்டும் மயிரிழை தெரியும்படி இரண்டு விரலுக்கு நடுவில் இறுக்கிப் பிடியுங்கள். நூலை ஊசியிடம் கொண்டுபோகாமல், ஊசிக் கண்ணை நூலின் மேல் இறக்குங்கள். நுழையவில்லையென்றால் ஊசியைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். சில ஊசிகளில் கண்ணின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட வழவழப்பாக இருக்கும்.

நூலை எவ்வளவு நீளம் வெட்டுவது? பூக்காரம்மா அளக்கிறாரே, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, அந்த ஒரு முழம். ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். அடிக்கடி கோக்க வேண்டியிருக்கிறதே என்று இரண்டு முழம் எடுக்கிற ஆசை எல்லோருக்கும் வரும். ஊசிக்கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நூல் ஒவ்வொரு குத்துக்கும் துணிக்குள் நுழைந்து வெளியே வருகிறது. நீளம் கூடினால் அதே இடம் இரண்டு மடங்கு தடவை உரசும், பளபளப்புப் போகும், முறுக்கேறும், முடிச்சு விழும். நீள நூலில் தைத்த கோட்டைப் பார்த்தாலே தெரியும். ஆரம்பம் மினுமினுப்பாகவும் முடிவு மங்கலாகவும் இருக்கும்.

வெட்டிய முழத்தின் நுனியைப் பிடித்து, ஒரே ஒரு இழையை மட்டும் நேராக மேலே இழுங்கள். மற்ற ஐந்தும் கீழே சுருண்டு குவியும், பயப்பட வேண்டாம், நீவிவிட்டால் நேராகிவிடும். இரண்டு இழை வேண்டுமென்றால் ஒவ்வொன்றாக இரண்டு முறை உருவி, பிறகு சேர்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே இழுப்பில் பிரிக்கப் பார்த்தால் நடுவில் முடிச்சாகி நின்றுவிடும். தனித்தனியாக உருவிச் சேர்த்த இழைகள் துணியில் பக்கம் பக்கமாகப் படுத்து நன்றாக மூடும்.

பட்டன் தைப்பது போல நூலை இரட்டையாக்கி நுனியில் முடிச்சுப் போடாதீர்கள். தப்பாகப் போன தையலை அவிழ்க்க வேண்டுமென்றால் ஊசியை உருவிவிட்டு நூலைப் பின்னால் எடுக்க வேண்டும், இரட்டை நூலில் அது முடியாது. பின்பக்க முடிச்சோ இஸ்திரியில் முன்பக்கம் பரு மாதிரி புடைக்கும். தொடங்கும்போது நான்கு விரல் நீளம் வாலைப் பின்னால் விட்டுத் தொடங்கி, முடிந்த பிறகு அந்த வாலை ஊசியில் கோத்து, பின்பக்கத்துத் தையல்களில் நான்கைந்தின் அடியில் நுழைத்து வெட்டினால் போதும். முடிவுக்கும் அதேதான்.

ஃபிரேம் ஐந்து அல்லது ஆறு அங்குலம். அதைவிடப் பெரியதில் கை நடுவரைக்கும் எட்டாது. உள்வளையத்தில் வெள்ளை நாடாவை நெருக்கமாகச் சுற்றித் தைத்துவிட்டால் துணி நழுவாது, வளையத்தின் தடமும் குறையும். துணியை மாட்டியதும் சுண்டினால் தப்பட்டை மாதிரி லேசாகச் சத்தம் வர வேண்டும். இறுக்குவதற்கு நெடுக்கு நூல் ஓடும் திசையிலும் குறுக்கு நூல் ஓடும் திசையிலும் மட்டும் இழுங்கள். மூலைவாட்டில் இழுத்தால் துணி வளைந்து கொடுக்கும். ஃபிரேமுக்குள் வட்டமாகத் தைத்தது கழற்றியதும் முட்டையாகிவிடும். வலக்கைக்காரர்கள் திருகாணியை இடது மேல்பக்கம், கடிகாரத்தில் பத்து மணி இருக்கும் இடத்தில் வைத்துக்கொண்டால் நூல் அதில் மாட்டாது. வேலை முடிந்த ஒவ்வொரு தடவையும் ஃபிரேமைக் கழற்றுங்கள். ஒரு வாரம் அப்படியே விட்டால் வளையத் தடத்தில் அழுக்கும் மடிப்பும் நிலைத்துவிடும்.

கேழ்வரகுக் கதிர்

முதல் உருவமாக எல்லோரும் ரோஜாவை எடுக்கிறார்கள். நம் பக்கத்து வயலில் நிற்கும் கேழ்வரகுக் கதிர் அதைவிட நல்ல பாடம். கையை லேசாக மூடின மாதிரி உள்நோக்கி வளைந்த ஐந்து விரல், நீளமான ஒரு தண்டு, ஒல்லியான இரண்டு இலை. மணிகள் முன்பின் இருந்தாலும் இயற்கையாகவே தெரியும், கோணல் கண்ணை உறுத்தாது.

வரைவதற்கு, காகிதத்தில் அழுத்தமாக வரைந்து, காலை வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே துணியை வைத்து எச்பி பென்சிலால் மெல்லிசாக எடுத்தால் போதும். அலுவலகக் கார்பன் தாள் வேண்டவே வேண்டாம், அதன் நீலக் கறை துணியை விட்டுப் போகாது. தையல் பொருள் கடையில் கிடைக்கும் மஞ்சள் கார்பன் பரவாயில்லை. தண்ணீரில் அழியும் நீலப் பேனா வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள். கோடு இருக்கும்போது இஸ்திரி படக்கூடாது, சூடு பட்டால் அந்த நீலம் நிலைத்துவிடும். சோப்பு போடும் முன் பச்சைத் தண்ணீரில் முழுக்க நனைத்துக் கோட்டைப் போக்கிவிட வேண்டும்.

தண்டு 6 சென்டிமீட்டர், ஒவ்வொரு விரலும் 2 சென்டிமீட்டர் இருக்கட்டும். துணியின் நடுவில் வரையுங்கள். மூலையில் வரைந்தால் ஃபிரேம் பிடிக்கத் துணி இருக்காது. மூலையில்தான் வேண்டுமென்றால் ஓரத்தில் ஒரு பழைய துணியைத் தற்காலிகமாகத் தைத்து நீட்டிக்கொள்ள வேண்டும்.

தண்டுக்கு வெளிர்பச்சை, இரண்டு இழை, காம்புத் தையல். கீழிருந்து மேலே அல்ல, இடமிருந்து வலமாகப் போகும்படி துணியைத் திருப்பிக்கொள்ளுங்கள். 4 மில்லிமீட்டர் முன்னே குத்தி இறங்கி, அந்த நீளத்தில் பாதிக்குப் பின்னால் வந்து மேலே எழ வேண்டும். அடுத்த தையலும் அப்படியே. நூல் எப்போதும் ஊசிக்குக் கீழ்ப்பக்கமே கிடக்க வேண்டும். ஒரு தடவை கீழே, ஒரு தடவை மேலே என்று மாறினால் கயிறு முறுக்கிய மாதிரி வர வேண்டிய கோடு அந்த இடத்தில் உடைந்து தெரியும். சரியாக வருகிறதா என்று பார்க்கத் துணியைத் திருப்பிப் பாருங்கள். காம்புத் தையலின் பின்பக்கம் ஒன்றையொன்று தொட்ட சின்னச் சின்ன நேர்க்கோடாக, ஒவ்வொரு குத்துக்கும் முந்தைய தையலின் முனைக்குத் திரும்பிவந்து இறங்கும் பின்தையல் மாதிரி இருக்க வேண்டும். அங்கே இடைவெளி இருந்தால் பாதித் தூரம் பின்வாங்காமல் குறைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஆறேழு தையலுக்கு ஒரு தடவை ஃபிரேமைத் தூக்கி ஊசியை அந்தரத்தில் தொங்கவிடுங்கள். அது தானாகச் சுழன்று முறுக்கை இறக்கும். இதைச் செய்யாமல் தைக்கிறவர்கள்தான் "என் நூல் மட்டும் ஏன் சுருண்டுகொள்கிறது?" என்று கேட்கிறார்கள்.

இலைகளுக்கு அதே தையல், கொஞ்சம் கருத்த பச்சை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வரி. நுனியில் இரண்டும் சேர வேண்டும்.

இனி விரல்கள். காய்ந்த மண் நிறத்தில் மூன்று இழை, பிரெஞ்ச் முடிச்சு. ஊசியை மேலே எடுங்கள். இடக்கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நூலைத் துணியிலிருந்து மூன்று விரல் தள்ளி விறைப்பாகப் பிடித்திருக்கட்டும். ஊசியை நூலுக்குப் பக்கத்தில் படுக்கவைத்து, நூலை ஊசிமேல் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். மேலே வந்த ஓட்டைக்கு ஒரு நெசவிழை தள்ளி ஊசி நுனியை இறக்குங்கள். இப்போதுதான் கவனம் வேண்டும். இடக்கை நூலை மெதுவாகக் கீழ்நோக்கி இழுத்து, சுற்றுகள் ஊசித்தண்டில் வழுக்கித் துணியில் உட்காரும்படி செய்ய வேண்டும். உட்கார்ந்த பிறகு ஊசியை அடியில் இழுங்கள், நூலின் கடைசி அங்குலம் போகும்வரை இடக்கை பிடியை விடக்கூடாது.

முடிச்சு அப்படியே பின்பக்கம் போய்விட்டால் அதே ஓட்டையில் குத்தியிருக்கிறீர்கள். முடிச்சுக்கு மேலே ஒரு வளையம் தளர்ந்து ஆடினால் இடக்கையைச் சீக்கிரம் விட்டுவிட்டீர்கள். ஊசியே நகராமல் சிக்கினால் சுற்றும்போது இறுக்கிவிட்டீர்கள், விறைப்பு இருக்க வேண்டியது சுற்றில் இல்லை, சுற்றிய பிறகு பிடிக்கும் நூலில். மணி பெரிதாக வேண்டுமென்று நான்கு ஐந்து சுற்றுச் சுற்றாதீர்கள், அது சாய்ந்து வால்போல நிற்கும். சுற்று இரண்டே இருக்கட்டும், இழையைக் கூட்டுங்கள்.

ஒரு விரலுக்கு இரண்டு வரிசை, வரிசைக்குப் பத்து முடிச்சு. ஐந்து விரலுக்கு நூறு முடிச்சு. ஒரு முழம் ஆறிழை நூலைப் பாதியாகப் பிரித்தால் மூன்றிழையில் இரண்டு முறை கோக்கலாம். ஒரு கோப்பில் ஏறக்குறைய ஒரு விரல் முடியும், ஆக மூன்று முழத்துக்குள் கதிர் முடிந்துவிடும். புதிய கைக்கு நூறு முடிச்சு இரண்டு மணி நேர வேலை, அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். முதல் விரலின் முடிச்சுகளையும் ஐந்தாவது விரலின் முடிச்சுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று ஒரே துணியில் தெரியும். முதல் விரலை அவிழ்க்காமல் விடுங்கள்.

ஒரு விரலிலிருந்து அடுத்த விரலுக்கு நூலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போவது ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். வெளிர்த்துணியில் அந்தக் கோடு முன்பக்கம் நிழலாகத் தெரியும், இழுப்பும் கூடித் துணி சுருங்கும்.

கிளிமூக்கு மாங்காய்

அடுத்த துணிக்கு நம் கிருஷ்ணகிரி கிளிமூக்கு மாங்காய். மாங்காய்ப் புட்டா எல்லாப் புடவையிலும் இருக்கிறது, ஆனால் நுனி கிளிமூக்காக வளைந்த இந்த மாங்காயை வரைந்து தைப்பதில் தனிச் சந்தோஷம் உண்டு. இதைச் சாட்டின் தையலில், அதாவது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நூலை நெருக்கமாகப் பக்கம் பக்கமாகப் போட்டு, நிரப்பத்தான் முதலில் தோன்றும். சாட்டின் தையல் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குள் மட்டுமே நிற்கும். அதற்கு மேல் நீளும் நூல் வளையலில் மாட்டும், துவைத்தால் தொங்கும். 3 சென்டிமீட்டர் மாங்காய்க்குச் சங்கிலித் தையல்தான் சரி. மூக்கில் தொடங்கி ஓரத்தைச் சுற்றி ஒரு வரி, அதன் உட்பக்கம் ஒட்டி அடுத்த வரி என்று நடுவரைக்கும் சுருண்டு போக வேண்டும். இரண்டு இழை, ஒவ்வொரு கண்ணியும் 3 மில்லிமீட்டர். நூல் வெளியே வந்த அதே ஓட்டையில் ஊசியை இறக்கி, 3 மில்லிமீட்டர் தள்ளி நுனியை எடுத்து, நூலை நுனிக்கு அடியில் போட்டு இழுக்க வேண்டும். கண்ணி நெல்மணி போல உப்பியிருக்கும்போதே இழுப்பை நிறுத்துங்கள். இறுக்கினால் கண்ணி மூடிக் கோடாகிவிடும், துணியும் அந்தத் திசையில் கூனும். காம்புக்கு அருகில் உள்ள ஒரு சின்ன இலையில் மட்டும் சாட்டின் போடுங்கள். முதலில் இலையின் ஓரத்தில் பின்தையல், பிறகு அகலமான நடுவில் தொடங்கி ஒரு முனைவரை, மறுபடி நடுவிலிருந்து மறுமுனைவரை. ஓரத்திலிருந்து தொடங்கினால் சாய்வு போகப் போக மாறிவிடும்.

சிட்டிலிங்கியின் கண்ணாடிகள்

பூவேலையில் மேலே போக நினைக்கிறவர்கள் தூரத்தில் தேட வேண்டியதில்லை. அரூருக்கு அப்பால், சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கு. 1993-இல் பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணி தொடங்கிய அதே இடத்தில், லம்பாடிப் பெண்கள் கைவிட்டுப்போக இருந்த தங்கள் தையலை மீட்டெடுத்துப் 'போர்கை' என்ற பெயரில் தைத்து விற்கிறார்கள். போர்கை என்றால் அவர்கள் பேச்சில் பெருமை. அந்த வேலையில் பார்த்துக் கற்க நிறைய இருக்கிறது. எளிய தையல்கள்தான், ஆனால் நெருக்கமாக, கணக்காக, சதுரமும் முக்கோணமுமாக அடுக்கும்போது துணியே வேறாகிவிடுகிறது.

லம்பாடி உடையில் பதிக்கும் கண்ணாடியை ஒன்று பதித்துப் பார்த்தால் இழுப்பு என்றால் என்னவென்று விளங்கிவிடும். கண்ணாடி வில்லையில் ஓட்டை கிடையாது, நூல்தான் பிடிக்க வேண்டும். வில்லைமேல் நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு நூலைப் போட்டு, குறுக்கே போவதை நெடுக்கே இருப்பதில் ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் ஒரு சதுரச் சட்டம் கட்ட வேண்டும். பிறகு சட்டத்தில் ஒரு கண்ணி, துணியில் ஒரு சின்னக் குத்து என்று மாறி மாறி வட்டமாகத் தைத்து வர வேண்டும். ஒவ்வொரு கண்ணியும் அந்தச் சதுரத்தை வெளியே இழுத்து வட்டமாக்கும். இது தெரியாமல் முதல் நான்கு நூலை விளிம்பை ஒட்டிப் போட்டால், பாதி சுற்று முடிவதற்குள் சட்டம் விளிம்பைத் தாண்டி விரிந்து வில்லை கையோடு வந்துவிடும். நான்கு நூலையும் விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, மிக இறுக்கமாகப் போட வேண்டும். இந்த வேலையில் கைகூசாமல் இறுக்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

கறையும் துவைப்பும்

கிளிமூக்கு மாங்காய் வரும் மே, ஜூனில் தைத்துக்கொண்டே மாங்காய் நறுக்கப் போகாதீர்கள். மாம்பால் பட்ட துணி முதலில் ஒன்றும் காட்டாது, காயக் காயப் பழுப்பாகிக் கருத்துவிடும், பிறகு போகவே போகாது. புளி கரைத்த கைக்கும் இதே எச்சரிக்கைதான். ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் போகும் பழக்கமும் வேண்டாம், ஐப்பசி மழையில் இரண்டே நாளில் துருப்புள்ளி விழும்.

முடிந்த துணியைக் குளிர்ந்த தண்ணீரில் ஐந்து சொட்டு ஷாம்பு விட்டு அலசுங்கள். தேய்க்க வேண்டாம், பிழியவும் வேண்டாம். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருக்கும், சோப்புப் பிசிறு நூலில் வெள்ளையாகப் படியும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் ஒரு குடம் எடுத்து வையுங்கள். உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் ஈரம் இறங்கிவிடும்.

இஸ்திரி போடும்போது மேசையில் தடித்த டர்க்கித் துண்டை இரண்டாக மடித்துப் போட்டு, துணியைக் குப்புறக் கவிழ்த்து, அரை ஈரத்திலேயே பின்பக்கம் போடுங்கள். நூறு முடிச்சும் துண்டின் மெத்தைக்குள் புதைந்துகொள்ளும். துணியைத் திருப்பினால் கேழ்வரகு மணி ஒன்றுகூட நசுங்காமல் நிமிர்ந்து நிற்கும்.